அப்பா பெயரா, மகள் பெயரா?

போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். மெர்லிமாவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. பாட்டு முடிவதற்குள் ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, பிறந்தநாள் என் மகளுக்கு. நீங்க அவ அப்பா பேரைச் சொல்லிட்டீங்க. அவர் தவறி ரெண்டு வருசமாச்சு."

என்ன பதில் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். தவறு முழுக்க என்னுடையது. நேயர்கள் அனுப்பும் வரியைப் பெயர், ஊர், பாட்டு என்று பிரித்துத் திரையில் காட்ட, அரைகுறையாகக் கற்றுக்கொண்டு நானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். சாய்கோடு இருந்தால் அதற்கு முன்னால் உள்ளது பெயர். இல்லாவிட்டால் கடைசிச் சொல்தான் பெயர். 'ஆர். முத்து' போன்ற பெயர்களுக்கு இது சரியாக வந்தது. அந்த அம்மாவோ 'ஏ/பி' என்பதைச் சாய்கோடு போடாமல் தட்டியிருந்தார்.

டுரியான் துங்கல் யூடெமில் கணினி படிக்கும் என் சித்தப்பா மகளிடம் காட்டினேன். "அண்ணே, எல்லாத்தையும் ஒரே விதியில அடைச்சிருக்கீங்க. சின்னச் சின்னதா உடைங்க" என்றாள்.

அவள் எடுத்தது லிஸ்ப் மொழி. 1958இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. பட்டியல்களைக் கையாளப் பிறந்த மொழி. அதில் ஒரு செயற்கூறை இன்னொரு செயற்கூறின் கையில் கொடுக்கலாம். முதலில் ஒரு சொல்லை மட்டும் படிக்கும் குட்டிச் செயற்கூறு. அடுத்து, 'ஏ/எல்'லை மட்டும் அடையாளம் காணும் ஒன்று. 'ஏ/பி'க்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு, மீதி வரியை அடுத்ததிடம் தள்ளிவிடும். பிறகு இவற்றைக் கோக்க இரண்டு இணைப்புகள்: 'வரிசையாக', 'அல்லது'. திரையில் அது இப்படி நின்றது:

(வரிசையாக பெயர் (அல்லது ஏ-எல் ஏ-பி) பெயர்)

நம் ஐசி அப்படியே அடைப்புக்குறிக்குள் வந்துவிட்டது!

பழைய பிறப்புப் பத்திரங்களில் வரும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' வேண்டுமா? 'அல்லது'க்குள் இன்னும் இரண்டைச் சேர்த்தால் போதும். மற்றதைத் தொட வேண்டாம். சாய்கோடு இல்லாத 'ஏஎல்', 'ஏபி'யும் அப்படித்தான். "வரி முழுக்க ஏ, எல் எழுத்துகளைத் தேடினால் ஆகாதா?" என்று கேட்டேன். கமலாவை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிச் சிரித்தாள். நடுவிலேயே இருக்கிறது ஏஎல்! அதனால் இருபுறமும் இடைவெளி இருந்தால்தான் அந்தச் செயற்கூறு ஏற்றுக்கொள்ளும்.

எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. ஒரு செயற்கூறுக்கு வரி புரியவில்லை என்றால் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும். இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் இரண்டையும் பட்டியலில் வைக்கும். 1985இல் பிலிப் வாட்லர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய உத்தி இது. 'ராமன் பாலன்' என்று மட்டும் வந்தால் அது ஒருவருடைய முழுப் பெயரா, மகனும் தகப்பனுமா? பழைய நிரல் யோசிக்காமல் பாலனைப் பிடித்துக்கொள்ளும். புதியது இரண்டையும் காட்டும். நான் போன் போட்டுக் கேட்டுக்கொள்வேன். கம்போங் செட்டியிலிருந்து 'பிள்ளை' என்று குடும்பப் பெயரோடு முடியும் பெயர் வந்தாலும் அப்படித்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிரலுக்குக் கற்றுக்கொடுத்த பிறகுதான், மைக் முன்னால் எனக்கும் அது தேவை என்று உறைத்தது. ஒரு நிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், ஒரு பிள்ளையின் பெயர் சரியாக ஒலிக்கும்.

மெர்லிமா அம்மாவிடம் மறுநாளே கேட்டு, மகளை மகள் பெயரிலேயே வாழ்த்தினேன். அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "இப்பதான் தம்பி சரியாச் சொன்னீங்க." அந்த வரியைப் பிரித்துப் படிக்க எந்த நிரலும் தேவைப்படவில்லை.