பன்னிரண்டு பேர் தேவை

கூகுள் பிளே ஸ்டோரில் தனியாளாகக் கணக்குத் திறந்து, தான் செய்த கேமை வெளியிட நினைப்பவர் முதலில் ஆட்களைத் தேடிப் புறப்பட வேண்டியிருக்கிறது. 2023 நவம்பர் 13இற்குப் பிறகு திறக்கப்பட்ட தனிநபர் கணக்குகளுக்கு அந்த நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. கேமைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முன், குறைந்தது 20 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய பரிசோதனையில் இருந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில் அந்த 20 என்பது 12ஆகக் குறைந்தது. குறைந்த பிறகும், ஒற்றை அறையில் இருந்து கேம் செய்யும் இளைஞருக்கு அந்தப் பன்னிரண்டு பேர் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பெயருக்குப் பதிந்து நாட்கணக்கு மட்டும் காட்டும் கூட்டங்கள் இணையத்தில் முளைத்துவிட்டன. அவர்கள் கேமைத் திறந்தும் பார்ப்பதில்லை.

திருகோணமலையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கான வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பொடியன்கள் ஃபிரீ ஃபயரிலும் பப்ஜியிலும் ஊறியவர்கள். "கேம் விளையாடிச் சம்பளம் வாங்கலாமாம், கேம் டெஸ்டர் எண்டு ஒரு வேலை இருக்காம், உண்மையோ?" என்பது அவர்களிடமிருந்து வருகிற கேள்வி. வீட்டில் அம்மா அப்பாவின் மனதில் இருப்பது வேறு பட்டியல்: துறைமுக அதிகாரசபை, சீனன்குடாவில் பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, ஐ.ஓ.சி. எண்ணெய்த் தாங்கிகள். எதுவும் சரிவராவிட்டால் கட்டார். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வேலையைப் பிள்ளை கேட்கும்போது சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. விளையாடினால் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தைத் தொலைக்கவும் விடக்கூடாது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கேமை ரசித்து முடிப்பவர் டெஸ்டர் அல்ல. முடிக்கப்படாத, அடிக்கடி விழுந்துபோகிற ஒரு பதிப்பில் ஒரே சுவரை நூறு இடங்களில் முட்டிப் பார்ப்பவர் அவர். நேற்றுத் திருத்திய வழு இன்று திரும்ப வந்திருக்கிறதா, ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று உடைந்ததா என்று ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதே படிகளை மீண்டும் நடப்பவர். பிறகு உட்கார்ந்து எழுதுபவர். எழுத்துத்தான் அவர் கையளிக்கும் பொருள்.

படகில் போய் மீன் பிடிக்கும் ஒரு கேம் என்று வைத்துக்கொள்வோம். "கேம் இடையிலை நிண்டு போச்சு" என்று ஒருவர் எழுதினால் நிரலாளரால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "பதிப்பு 0.4.2. மூன்று ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 11. படகு கரைக்கு வந்து சேமிப்பு வட்டம் சுற்றும்போது தொலைபேசி அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பினால் அன்றைய மீன் எண்ணிக்கை பூச்சியம். 10 தடவை செய்து பார்த்தேன், 7 தடவை நடந்தது. அழைப்பை எடுக்காமல் துண்டித்தால் ஒரு தடவையும் நடக்கவில்லை." இந்தக் கடைசி வரிக்குத்தான் விலை. எப்போது நடக்கவில்லை என்று தேடிப் போனவர், நிரலாளருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்.

நமது துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்தால் சேவேயர் ஒருவர் சிறு படகில் சுற்றிவந்து, முன்புறம், நடு, பின்புறம் என்று இரு பக்கமும் ஆறு இடங்களில் கப்பல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று வாசித்து எழுதுவார். இறக்கிய பிறகு மறுபடி வாசிப்பார். சரக்கின் எடையை அந்த வாசிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள். விற்றவரும் வாங்கியவரும் அவருடைய தாளை ஏற்றுக்கொள்கிறார்கள். டெஸ்டரின் அறிக்கைக்கு இருக்க வேண்டிய மதிப்பு அதுதான்.

அந்த மதிப்பு தரப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் வருடக்கணக்காக விளம்பரப்படுத்திய சைபர்பங்க் 2077 என்ற கேம் 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. விலைகூடிய கணினிகளில் ஒருவாறு ஓடியது. சாதாரண வீடுகளில் இருந்த பழைய பிளேஸ்டேஷன் 4இல் தடுமாறி விழுந்தது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வர 2021 ஜூன் ஆயிற்று. தங்கள் பரிசோதனையில் இந்தக் குறைகளில் பெரும்பகுதி தென்படவில்லை என்று நிறுவனத்தின் இணை நிறுவனர் பின்னர் விளக்கம் சொன்னார். சாதாரண மனிதர் கையில் இருக்கும் சாதாரணக் கருவியில் ஒரு கேம் எப்படி நடந்துகொள்ளும் என்பது சின்ன விடயம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, இது எதிர்காலம் உள்ள தொழிலா என்ற கேள்வி. டெஸ்டராக உள்ளே போய் உச்சிக்கு ஏறியவர்கள் உண்டு. அப்சிடியன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபியர்கஸ் அர்க்கார்ட் 1990களின் தொடக்கத்தில் இன்டர்பிளே நிறுவனத்தில் டெஸ்டராக இருந்தவர். வார்கிராஃப்ட் கேம்களை வடிவமைத்த ராப் பார்டோவும் அதே வாசலால் வந்தவர். வகுப்பு நடத்துபவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ஆள் சேர்க்கிறார்கள். அந்தக் கதைகள் முப்பது வருடம் பழையவை என்பதைச் சொல்வதில்லை. இன்று அமெரிக்காவிலேயே இந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. கால் ஆஃப் டியூட்டியில் பங்கெடுத்த ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 2021 டிசம்பரில் 12 டெஸ்டர்களின் ஒப்பந்தம் முடிக்கப்படுவதாக அறிவித்தபோது மற்றவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 2022 மே மாதம் 19இற்கு 3 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். இடையில், ஏப்ரலில், தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் தற்காலிகமாக இருந்த சுமார் 1,100 டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டொலர் என்று ஊதியத்தை உயர்த்தியது. மறுபுறம் கனடாவின் எட்மன்டனில், பயோவேர் நிறுவனத்துக்காக கீவேர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் வேலை செய்த டெஸ்டர்கள் 2022இல் சங்கம் அமைத்தார்கள்; அடுத்த வருடம் அங்கே 13 பேருக்கு வேலை போயிற்று.

தென்னாசியாவில் இந்த வேலை குவிந்திருப்பது இந்தியாவின் பூனேயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும். கொழும்பில் அரிமாக் போன்ற சில நிறுவனங்கள் கேம் செய்கின்றன. ஆனால் கேம் டெஸ்டர் வேண்டும் என்று இலங்கையில் விளம்பரம் வரும்வரை காத்திருப்பது புத்தியல்ல. வங்கி, காப்புறுதி, விமானச் சேவை என்று வெளிநாடுகளுக்கு மென்பொருள் செய்யும் கொழும்புக் கொம்பனிகளில் தரப் பரிசோதகர் என்ற வேலை நிறைய உண்டு. அதற்குக் கேட்கிற, மென்பொருள் பரிசோதகர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஐ.எஸ்.டி.கியூ.பி. என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், சித்தியடைய 26 சரியாக வேண்டும். கேம் பரிசோதனைக்கென்றே அதே அமைப்பு தனிச் சான்றிதழும் வைத்திருக்கிறது. முதலில் அடிப்படைத் தேர்வை எடுக்கச் சொல்வேன். கேம் கிடைக்காவிட்டாலும் சோறு கிடைக்கும்.

சான்றிதழால் மட்டும் ஆவதில்லை. செய்து காட்டிய வேலை வேண்டும். இங்கே ஒரு சிக்கல். நிறுவனங்களுக்காக எழுதிய வழு அறிக்கைகள் இரகசிய ஒப்பந்தத்துக்குள் போய்விடும், வெளியே காட்ட முடியாது. அதற்குத் திறந்த மூலக் கேம்கள் வழி தருகின்றன. சூப்பர்டக்ஸ்கார்ட், வெஸ்நோத் போன்ற கேம்களும், கேம் செய்யப் பாவிக்கும் கொடோ என்ற இயந்திரமும் தங்கள் வழுப் பட்டியலைக் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கின்றன. உவர்மலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் ஒருவர் இன்று இரவே அங்கே ஒரு அறிக்கை எழுதலாம். கேள்வி வரும், "மறுபடி செய்து பார்" என்பார்கள், சில வேளை மூடிவிடுவார்கள். அந்த உரையாடல் அவர் பெயரில் அங்கேயே கிடக்கும். வீட்டைவிட்டுத் தூரம் போய் வேலை பார்க்க முடியாத பெண் பிள்ளைகளுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது.

நம்மிடம் இருக்கிறவற்றைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஒன்று, மலிவான ஃபோன்கள். பிளே ஸ்டோர் ஒவ்வொரு செயலியும் பாவனையாளர் கையில் எவ்வளவு விழுகிறது என்று அளக்கிறது. நாளாந்தப் பாவனையாளர்களில் 1.09 வீதத்துக்கு மேலானோருக்கு விழுந்தாலும், 0.47 வீதத்துக்கு மேலானோருக்கு உறைந்து நின்றாலும் அந்தக் கேம் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படலாம். புதிய ஐபோன் வைத்திருக்கும் ஒரு டொரொன்டோ நிரலாளருக்கு அந்த விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வராது. கீறல் விழுந்த திரை, நிறைந்துபோன நினைவகம், நிலாவெளி வீதியில் விட்டு விட்டு வரும் சிக்னல், சித்திரை வெயிலில் கொதிக்கும் பற்றரி: இவையெல்லாம் நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே இருக்கும் பரிசோதனைக் கூடம்.

மற்றது மொழி. தமிழ்க் குடும்பமொன்றின் சமையலைக் கதையாக்கிய வெண்பா, கனடாவிலிருந்து 2023இல் வெளிவந்து அடுத்த வருடம் பாஃப்டாவின் சிறந்த அறிமுகக் கேம் விருதைப் பெற்றது. தமிழ் வாழ்க்கையை உலகம் விளையாடும் என்பதற்கு அது போதும். ஆனால் தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக வைப்பதே பல இயந்திரங்களுக்கு இன்னும் கைவரவில்லை. 'கோணேசர்' என்று எழுதுகிறோம். கணினியின் கோவையில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் இருக்கும். காட்டும்போது கொம்பு முன்னால் வந்து, அரவு பின்னால் நிற்க வேண்டும். கொடோ 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இதைச் சரியாகச் செய்கிறது. யூனிட்டி என்ற இன்னொரு இயந்திரத்தில் பரவலாகப் பாவிக்கப்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தானாகச் செய்வதில்லை; கொம்பு இடம் மாறி நிற்கும். 'செட்டிங்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வரைந்த பொத்தானில் 'அமைப்புகள்' அடங்காது. 'மூ', 'லூ' போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படும். இவற்றை ஆங்கிலம் மட்டும் வாசிக்கும் டெஸ்டரால் கண்டுபிடிக்க முடியாது. சிங்கள எழுத்துக்கும் இதே துன்பம் உண்டு. இரண்டையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் கிடைக்கும் ஊர்கள் இலங்கையில் அதிகம் இல்லை. திருகோணமலை அந்த ஊர்களில் ஒன்று.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறது. நகரில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் ஒரு மேசை போதும். பழைய ஃபோன்கள் பத்து, ஒரு வழுப் பட்டியல், பொறுப்பான விரிவுரையாளர் ஒருவர், உண்மையாகவே கேமைத் திறந்து விளையாடி எழுதும் பன்னிரண்டு மாணவர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கோயம்புத்தூரிலும் தனியே உட்கார்ந்து கேம் செய்பவர்களுக்கு "எங்களிடம் அனுப்புங்கள்" என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வளாகம் இதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. இலவசமாகச் செய்யக் கூடாது. அனுபவம் கிடைக்கிறதே என்று சொல்லிப் பிள்ளைகளின் 14 நாட்களை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே வேர்விட்டால், பிறகு அந்த வேலைக்கு ஒருபோதும் விலை வராது. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் டொலரில் கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரி உச்சமாக 15 வீதம் என்றாகிவிட்டதே என்று பயப்படுகிறவர்கள், வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வரிவிலக்கு இருப்பதையும் பார்க்க வேண்டும்; தொடக்கநிலை டெஸ்டர் அந்த எல்லையை எட்டப் பல காலம் ஆகும். காசு கொடுக்க வழியில்லாத மாணவர் செய்த கேம் என்றால், கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் பன்னிரண்டு பேரின் பெயரும் முழுமையாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களே டெஸ்டர் பெயர்களை அதில் சேர்க்காமல் விட்டுவிடுவதுண்டு. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரகசியம் எதையும் மீறாமல் காட்டக்கூடிய சான்று அந்தப் பெயர்தான்.