விசா ரத்தானா 35 நாள்தான்: அதுக்குள்ள வக்கீலைப் பாக்க காசு ரெடியா?

வெளிநாட்டு வேலை பத்தி வீடியோ போட்டா வர்ற கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான். கையில எவ்வளவு நிக்கும்? என்ஆர்இ அக்கவுண்ட்டா, என்ஆர்ஓவா? பெரும்பாக்கம் ஃப்ளாட் இஎம்ஐயை அங்கிருந்து எப்படிக் கட்டுறது? "விசாவை ரத்து பண்ணிட்டா?"ன்னு மட்டும் யாரும் கேக்கிறதில்லை. இன்னைக்கு அதைப் பேசுவோம், ஆஸ்திரேலியாவை வச்சு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். விசா ரத்தை எதிர்த்து லேட்டா கோர்ட்டுக்குப் போறது வெளியில சட்டப் பிரச்சனையா தெரியும். அடியில அது பணப் பிரச்சனை.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கு. வருமான வரி ஆணையை எதிர்த்து முதல் அப்பீல் போட 30 நாள். அது தாண்டினாலும் சரியான காரணம் சொல்லி, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். இந்த மாதிரி மனுக்களைத் தாராளமா பாக்கணும்னு 1987ல நம்ம சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அதனால "பாத்துக்கலாம் சார்" நம்ம ரத்தத்துல ஊறிப்போச்சு. அதை மட்டும் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போகாதீங்க.

அங்க கணக்கு எப்படி?

வேலை விசாவை அரசு ரத்து பண்ணினா, பெரும்பாலும் முதல்ல போக வேண்டிய இடம் தீர்ப்பாயம். பழைய ஏஏடிக்குப் பதிலா 2024 அக்டோபர்ல வந்த ஏஆர்டி. கெடு எத்தனை நாள்னு கடிதத்துலயே இருக்கும். அதை நீட்டிக்க தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே கிடையாது. கடிதம் மெயில்ல வந்தா, அனுப்பின நாள் முடியும்போதே உங்க கைக்கு வந்துட்டதா சட்டம் எடுத்துக்கும். "ஸ்பேம்ல கிடந்துச்சு சார்" எடுபடாது. இந்தக் கெடுவை விட்டா, அடுத்த படியில இருக்கிற ஃபெடரல் சர்க்யூட் கோர்ட்டாலயும் அந்த கேஸை எடுக்க முடியாது. மிச்சம் இருக்கிறது அந்த நாட்டோட உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் மட்டும்தான்.

தீர்ப்பாயத்துல தோத்தா, கோர்ட்டுக்குப் போக 35 நாள். முடிவு எடுத்த தேதியில இருந்து எண்ணணும். நீங்க அதைப் படிச்ச தேதியில இருந்து இல்ல.

35 தாண்டினா? நீட்டிப்பு கேக்கலாம். ஆனா இப்ப உங்களுக்கு ரெண்டு சண்டை: ஏன் லேட்டு, கேஸ்ல சத்து இருக்கா. விசா ரத்தான ஒரு நியூசிலாந்துக்காரர் இப்படித்தான் லேட்டா போனார். நீட்டிப்பு மனுவை விசாரிக்கும்போதே நீதிபதி கேஸோட உள்ளடக்கத்தை விவரமா அலசி, நிக்காதுன்னு மறுத்துட்டார். அப்படி அலசுறது தப்பில்லைன்னு 2022 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் சொல்லிடுச்சு. நீட்டிப்பை மறுத்துட்டா வழக்கமான அப்பீலும் கிடையாது.

"பிலோயிலா தமிழ்க் குடும்பத்துக்காக விமானத்தையே நிறுத்தினாங்களே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 2019 ஆகஸ்ட்ல விமானம் பறந்துட்டு இருக்கும்போது கோர்ட் உத்தரவு வந்து, டார்வின்ல இறக்கினாங்க. ஆனா அது அகதி வழக்கு, சின்ன மகளோட கோரிக்கை தனியா நின்னுது. அதுக்கப்புறமும் கிறிஸ்துமஸ் தீவுல காவல், நிரந்தர விசா 2022லதான். அவங்க பின்னாடி ஒரு ஊரே நின்னுச்சு. அதை நம்பி நாம திட்டம் போட முடியாது.

பணம் எங்க வருது?

கோர்ட் ஃபீஸ் மட்டுமே 3,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல. வக்கீல் ஃபீஸ் தனி. தோத்தா பொதுவா அரசுத் தரப்புச் செலவையும் நீங்கதான் கட்டணும். சம்பளமும் நின்னுபோயிருக்கும். இங்க இஎம்ஐ 45,000 ரூபாய்னு வச்சுக்கோங்க, ஆறு மாசத்துக்கு 2.7 லட்சம். ஊர்ல நகையை அடகு வச்சு, எஃப்டியை உடைச்சு பணம் அனுப்புறதுக்குள்ள 35 நாள் ஓடிடும்.

இந்தக் கெடு நியாயமான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். காசும் மொழியும் இல்லாத அகதிக்கு இது கொடுமை. ஆனா மாசச் சம்பளம் வாங்குற நமக்குத் தயாராக வழி இருக்கு.

1. கிளம்புறதுக்கு முன்னாடியே தனியா ஒரு விசா நிதி. ஆறு மாச இஎம்ஐ, மூணு மாச அங்கத்திய வாடகை, திரும்பி வர டிக்கெட், வக்கீலுக்கு முதல் தவணை. எஸ்ஐபியை இதுல கணக்கு வைக்காதீங்க, மார்க்கெட் விழுந்த நாள்ல கடிதம் வரலாம்.

2. வேலை போனா அன்னைக்கே தேதியைக் குறிங்க. 482 விசாவுல 2024 ஜூலை 1ல இருந்து புது ஸ்பான்சர் தேட ஒரு தடவைக்கு 180 நாள், மொத்தமா 365 நாள்.

3. ரத்து பண்ற முன்னாடி பொதுவா விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். செலவு கம்மியான கட்டம் அதுதான். அங்கேயே பதிவு பெற்ற ஏஜென்ட் இல்லன்னா வக்கீலை வச்சு ஒழுங்கா பதில் குடுங்க. இங்க விசா வாங்கிக் குடுத்த கன்சல்டன்ட்டுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு உட்காராதீங்க.

கேஸ் ஜெயிக்குமான்னு வக்கீல் சொல்லட்டும். கெடுவுக்குள்ள அவர் முன்னாடி போய் உட்கார உங்ககிட்ட காசு இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கைப் போட்டுடுங்க.