555 புத்தகமும் அடையாள அட்டையும்



தோட்டப்புறத்தில் வளர்ந்தோருக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடனுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, கருவாடு அனைத்தும் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். நம் அடுப்பில் என்ன வேகிறது என்பதைக் கடைக்காரர் அறிவார். ஆயினும் அதில் எழுதியிருப்பதை நாமும் படிக்கலாம். தவறிருந்தால் தட்டிக் கேட்கலாம். கடன் தீர்ந்ததும் கிழித்தெறியலாம்.

இன்றைய புத்தகம் மைகார்டு! 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய மலேசியர் ஒவ்வொருவருக்கும் 100 ரிங்கிட் இவ்வட்டையின் வழியே வழங்கப்பட்டது. வசதி குறைந்தோருக்கான சாரா உதவியும் அவ்வாறே. எந்தப் பொருள் உதவிக்குரியது என்பதைக் கடையின் கணினி பட்டைக்குறியீட்டைக் கொண்டு முடிவு செய்கிறது. வாங்குபவர் யார், வாங்கும் பொருள் எது என்னும் இரண்டும் அங்கே ஒன்றுசேர்கின்றன. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்த பூடி95 திட்டத்தால், மானிய விலை பெட்ரோலுக்கும் அடையாளச் சரிபார்ப்பு வந்துவிட்டது.

உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து காஜாவில் பல வீடுகளுக்கு அது தேவை. ஆனால் அந்தப் பதிவுகளுக்குக் காவல் எது?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டபோதும் அவ்விலக்கு நீங்கவில்லை. மாறாக, 2025இன் தரவுப் பகிர்வுச் சட்டம் மத்திய அரசு நிறுவனங்கள் தமக்குள் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வழிவகுத்தது. தரவு கசியாது என்று நம்பவும் இயலவில்லை. 4 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி 2017இல் வெளிவந்ததை மறந்துவிட்டோமா?

“அரிசி வாங்குவதில் மறைக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கின்றனர். மருந்தும் அப்பட்டியலில் உண்டு, ஐயா! ஒரு வீட்டின் நோயையும் வறுமையையும் அவ்வீட்டார் வாங்கும் பொருள்களே சொல்லிவிடும். வசதியுள்ளவர் ரொக்கம் கொடுத்து, பெயர் சொல்லாமல் வாங்கிச் செல்கிறார். ஏழை மட்டும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தன் பெயரை ஒப்படைக்க வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்?

நம் கோரிக்கைகள் மூன்றே. அரசும் அச்சட்டத்திற்கு உட்பட வேண்டும். பதிவுகள் எத்தனை காலம் வைக்கப்படும், யார் பார்ப்பர் என்பதைக் கடையிலேயே தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். காலம் முடிந்ததும் அவற்றை அழிக்க வேண்டும்.

கடைக்காரரின் புத்தகத்தில் நமக்கிருந்த உரிமை, அரசின் கணினியில் இல்லாமற் போகலாமா? நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம். கேட்பது பிச்சையன்று, உரிமை!

சிந்திப்போம்.