தலைவலி மாத்திரையே தலைவலியை வரவைக்குமா? மைக்ரேன் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நாள் கணக்கு

"வெயில்ல போயிட்டு வந்தேன், தலை வெடிக்குது. ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்." பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான் இது. ஆனால் அந்த 'ஒரு மாத்திரை' மாதத்தில் எத்தனை நாள் என்று பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனில் அந்த எண்ணிக்கை மிக முக்கியம்.

மைக்ரேன் என்றால் என்ன?

இது மூளை, நரம்பு சார்ந்த ஒரு நோய். விண் விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாத நிலை ஆகியவை முக்கிய அறிகுறிகள். சிகிச்சை எடுக்காவிட்டால் வலி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். பெயர்தான் 'ஒற்றை', சிலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். அதனாலேயே 'சைனஸா இருக்கும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

என்னென்ன வகைகள்?

* ஆரா இல்லாத மைக்ரேன்: அதிகம் பேருக்கு வருவது இதுதான்.
* ஆராவுடன் வரும் மைக்ரேன்: பெரும்பாலும் வலிக்கு முன்பு கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும், கை அல்லது முகம் மரத்துப்போகும். இது பொதுவாக 5 முதல் 60 நிமிடங்கள் இருக்கும்.
* நாள்பட்ட மைக்ரேன்: 3 மாதங்களுக்கு மேலாக, மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாட்கள் மைக்ரேன் தன்மையுடன் இருக்கும்.

ஏன் வருகிறது?

பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. முகம், தலையின் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது சிஜிஆர்பி என்ற வேதிப்பொருள் வெளியாகி வலியைக் கூட்டுகிறது. தூக்கக் குறைவு, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது, மன அழுத்தம், கடும் வெயில் போன்றவை தூண்டிவிடலாம். மாதவிடாய் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது 2 முதல் 3 மடங்கு அதிகம்.

மாத்திரை எப்போது பிரச்சினை ஆகிறது?

பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதம் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை அல்லது பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளை 10 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மாத்திரையே தலைவலியை வரவைக்கலாம். வலிக்காக மாத்திரை, மாத்திரையால் மீண்டும் வலி என்று இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

என்ன சிகிச்சை?

வலி வந்தவுடனே மாத்திரை எடுத்தால் நன்றாக வேலை செய்யும். டிரிப்டான் மாத்திரைகள் இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஏற்றவை அல்ல. அடிக்கடி வலி வருபவர்களுக்கு ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகள் உண்டு. சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகளும் 2018 முதல் பயன்பாட்டில் உள்ளன. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தலைவலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்து எடுத்துப் போனால், அந்த முடிவு எளிதாகும்.

உடனே மருத்துவமனை போக வேண்டியது எப்போது?

திடீரென இதுவரை இல்லாத அளவுக்குக் கடும் தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம், தலையில் அடிபட்ட பின் வலி ஆகியவை இருந்தால் 'மைக்ரேன்தானே' என்று காத்திருக்கக் கூடாது. 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் பரிசோதனை அவசியம்.