தோல் வரட்டும், முதலில் கட்டு ஒழுங்காகட்டும்

ஆய்வுகூடத்தில் வளர்த்த தோலை ஆறாத புண்ணில் ஒட்டும் சிகிச்சை நமது இலவச சுகாதார சேவைக்குள் வர வேண்டும். அதில் மறுபேச்சில்லை. மட்டக்களப்புக்கு அது எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பதே கேள்வி.

மனிதத் தோலின் மேற்படைக் கலங்களை ஆய்வுகூடத்தில் பெருக்கும் வழி 1975இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 1998இல் ‘அப்லிகிராஃப்’ என்ற ஈரடுக்குத் தோல், நாளக் கோளாறால் வரும் கால்புண்களுக்கு அங்கு அனுமதி பெற்றது. அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. சில வாரங்கள் இருந்து, நோயாளியின் சொந்தத் தோலை வளரத் தூண்டிவிட்டு மறைந்துவிடும். தோல் என்பதைவிட மருந்து என்றே அதைச் சொல்லலாம்.

அழற்சியால் வரும் புண்களில் இதன் பெறுமதி தனி. பயோடேர்மா கங்கிரினோசம் என்ற அழற்சிப் புண்நோய் உள்ளவரின் தொடையில் ஒட்டுவதற்காகத் தோல் வெட்டி எடுத்தால், வெட்டிய இடமே இன்னொரு புண்ணாகலாம். வெளியே வளர்த்த தோலில் அந்த வெட்டு இல்லை. ஆனால் ஸ்டெரொயிட், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளால் அழற்சி முதலில் அடங்க வேண்டும். அடங்காத புண்மேல் எந்தத் தோலும் நிற்காது.

நாளக் கோளாறால் வரும் கால்புண்கள் பற்றி 1998இல் வெளியான ஆய்வு ஒன்றின் கணக்கையும் பாருங்கள். அப்லிகிராஃப் ஒட்டியவர்களில் 63 வீதமானோருக்கு ஆறு மாதத்துக்குள் புண் ஆறியது. அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் 49 வீதம். ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒழுங்காகப் போட்ட கட்டே போதுமாயிருந்தது! விலையுயர்ந்த தோலைப் பற்றிப் பேசுவோர் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

பாதப் புண்ணின் கதையும் இதுவே. மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த காலம் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். அவர்களுடைய பாதப் புண்ணுக்குக் காரணம், உணர்விழந்த காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று வேலூரில் பணியாற்றிய வைத்தியர் போல் பிராண்ட் காட்டினார். பிளாஸ்டர் கட்டும் மெத்தென்ற இறப்பர்ச் செருப்பும் அந்தப் புண்களை ஆற்றின. நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்கும் இதே நியாயம்தான். வயலிலும் வாவியிலும் நாள்முழுக்க ஈரத்தில் நிற்பவருக்குக் கட்டு காய்ந்திருப்பதே பெரும்பாடு. அவரிடம் போய்ப் புதிய தோலைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆகவே களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலும் படுவான்கரையில் மகிழடித்தீவிலும் வாரந்தோறும் புண் கிளினிக் நடக்க வேண்டும். அழுத்தக் கட்டுப் போடப் பயிற்சி பெற்ற தாதியர், இரத்த ஓட்டம் பார்க்கும் டொப்ளர் கருவி, பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த செருப்பு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். காரணம் தெரியாத புண்ணைத் தோல் நோய் நிபுணர் பார்த்து, திசுப் பரிசோதனை செய்த பிறகே அடுத்த கட்டம்.

தோலை இறக்குமதி செய்து கட்டுபடியாகாது. விலையும் அதிகம், ஒட்டுமுன் சில நாட்களே கெடாமல் தாங்கும். 1964 முதல் வெளிநாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பிவரும், மனிதத் திசு வங்கியும் வைத்திருக்கும் நாடு இது. தோல் வளர்க்கும் ஆய்வுகூடம் ஒன்றைச் சுகாதார அமைச்சு அரச செலவில் இங்கேயே அமைக்க வேண்டும். கட்டுக்கும் மருந்துக்கும் ஆறாத புண்ணோடு வரும் மட்டக்களப்பு நோயாளிக்கு அங்கிருந்து தோல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கிளினிக்குகளுக்கான நிதியை மாகாண சபை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கட்டும்.