பாரமீசியம் இறைப்பது எதை?

குளத்து நீரில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், செருப்பின் அடித்தடம் போன்ற வடிவுடைய பாரமீசியம் விரைந்து நீந்துவதைக் காணலாம். ஒரே செல்லால் ஆன உயிர் அது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதன் உடலில் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரு குமிழிகள் மாறி மாறி விரிந்து சுருங்கும். அவற்றைச் சுருங்கு நுண்குமிழிகள் என்பர். 'இவை கழிவு நீக்கும் உறுப்புகள்' என்று ஒரே வரியில் மனனம் செய்யும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அவ்வரி மாற்றப்பட வேண்டும்.

பாரமீசியத்தின் உடலுக்குள் கரைபொருள்கள் மிகுதி. சூழ்ந்துள்ள நன்னீரிலோ மிகக் குறைவு. ஆகவே மெல்லிய சவ்வின் வழியே நீர் இடைவிடாது உட்புகுகிறது. இதுவே சவ்வூடு பரவல். இதனை அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. இரவில் ஊறவைத்த உலர்திராட்சை காலையில் பருத்திருப்பதும் இதனாலேயே. திராட்சை பருத்தால் கேடில்லை. பாரமீசியம் பருத்துக்கொண்டே போனால் வெடித்து மடியும்.

எனவே அது ஓட்டைப் படகில் அமர்ந்த படகோட்டியைப் போல ஓயாது நீரை இறைக்கிறது. குமிழியைச் சூழ்ந்து கதிர்கள்போல் விரிந்த நுண்கால்வாய்கள் நீரைத் திரட்டும். நிறைந்த குமிழி சுருங்கி அதனை வெளியே தள்ளும். தன் உடலின் கொள்ளளவுக்கு ஈடான நீரை ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே அது வெளியேற்றிவிடுகிறது. உண்ட உணவின் ஆற்றலில் ஒரு பகுதி இதற்கே செலவாகிறது.

கழிவு எங்கே போகிறது? அம்மோனியாவின் பெரும்பங்கு உடற்பரப்பின் வழியே தானாக நீரில் கலந்துவிடும். குமிழி வழியே சிறிது கழிவும் செல்லலாம். படகோட்டி இறைக்கும் நீரோடு சிறிது குப்பை போவதுண்டு. அதற்காக அவன் படகைப் பெருக்குகிறான் என்று எவரும் கூறார்.

கடல்வாழ் அமீபாக்கள் பலவற்றுக்கு இக்குமிழியே இல்லை. அவையும் உண்கின்றன, அவற்றுக்கும் கழிவு உண்டு. ஆனால் உப்பு மிகுந்த கடல்நீர் அவற்றின் உடலுக்குள் அவ்வாறு பெருகிப் புகுவதில்லை.

1776இல் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இக்குமிழிகளை மூச்சுறுப்புகள் என எண்ணினார். அவர் காலத்துக் கருவிகளைக் கருதின், அப்பிழை பொறுக்கத்தக்கதே. இன்றைய பிழைக்கு அச்சாக்கு இல்லை. பஞ்சிழைகளால் பாரமீசியத்தின் ஓட்டத்தைத் தடுத்து, செறிவு குறைந்த உப்புநீர் ஒரு துளி சேர்த்து, குமிழி சுருங்கும் இடைவெளியை எண்ணிப் பார்க்கலாம். இடைவெளி நீளும். குறைந்தது கழிவன்று, உட்புகும் நீர்.