ஹோல்டர்ல உக்காந்துட்டா போதுமா?

"ஹோல்டர்ல உக்காருதா? எரியுதா? அப்புறம் என்னய்யா பிரச்சனை?"

பாய்மரப் படகு வச்சிருக்கிறவங்க நாலு பேர் கூடுற இடத்துல எல்.இ.டி. பல்பு பேச்சு வந்தா, இந்த மூணு கேள்வியும் வரிசையா வந்துடும். நான் சனிக்கிழமையானா சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் அடுத்தவர் படகில் கயிறு இழுக்கிற ஓசி மாலுமி. சொந்தப் படகு கிடையாது, வாங்குற வசதியும் இல்லை. 'பொட்டி தட்டுற உனக்கு என்ன தெரியும்' என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதல்லயே ஒரு கும்பிடு. பொட்டி தட்டுறதாலதான் எரிச்சலே வருது. கம்பைல் ஆயிடுச்சு, அதனால புரோகிராம் சரின்னு சொல்ற ஆளை நம்ம டீம்ல வச்சு எப்படிக் காய்ச்சுவோம்? அதே ஆள் படகுல ஏறினா மட்டும் அனுபவஸ்தராம்!

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ராத்திரியில போற படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்பக்கம் வெள்ளை. 1972-ல் எழுதப்பட்டு 1977-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இதை டிகிரி கணக்கில் சொல்லுது. சிவப்புக்கும் பச்சைக்கும் தலா 112.5, வெள்ளைக்கு 135. கூட்டிப் பாருங்க, 360. 20 மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகுன்னா மூணையும் ஒரே கூட்டுக்குள்ள அடக்கி பாய்மர உச்சியில மாட்டிக்கலாம்னு 25-ஆம் விதி ஒரு சலுகை குடுக்குது. நடுவுல ஒத்தை பல்பு, சுத்தி மூணு நிறக் கண்ணாடி. எதிரில் வர்றவன் என்ன நிறம் பார்க்கிறானோ அதை வச்சுத்தான் நம்ம படகு எந்தப் பக்கம் போகுதுன்னு முடிவு பண்றான். இருட்டுல அவனுக்கு வேற துப்பு கிடையாது.

எல்.இ.டி. ஆசை ஏன் வருதுன்னு எனக்கும் புரியுது. பழைய பல்பு 25 வாட். 12 வோல்ட் பேட்டரியில ரெண்டு ஆம்பியருக்கு மேல இழுக்கும். பத்து மணி நேரம் ராத்திரி ஓட்டினா 20 ஆம்பியர்-மணிக்கு மேல காலி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில பாதியைத்தான் நிம்மதியா எடுக்க முடியும், அதுல விளக்கே இவ்வளவு தின்னா ரேடியோவும் ஆட்டோபைலட்டும் என்ன பண்ணும்? அதே வெளிச்சத்தை எல்.இ.டி. மூணு வாட்டுல தர்றேன்னா யாருக்குத்தான் கசக்கும்? நானும் எல்.இ.டி. எதிரி கிடையாதுங்க. பழைய கூட்டுக்குள்ள புது பல்பைத் திணிக்கிறதுதான் என் சண்டை.

ஏன்னா அந்தக் கூடு ஒரு குறிப்பிட்ட பல்புக்காகச் செஞ்சது. விதிகளோட முதல் இணைப்பிலேயே, ஒரே ஒரு செங்குத்து இழையும், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே ரொம்ப மெல்லிய தடுப்பும் இருந்தா இந்த மாதிரிக் கூட்டுக்கு வெளித் திரை வேண்டாம்னு போட்டிருக்கு. ஒரே செங்குத்து இழை. அது சும்மா எழுதின வார்த்தை இல்லை. சிவப்பும் பச்சையும் முன்னாடி சந்திக்கிற இடத்துல ஒவ்வொண்ணும் தன் எல்லையைத் தாண்டி 1-லிருந்து 3 டிகிரிக்குள்ள அணைஞ்சுடணும்னும் அதே இணைப்பு சொல்லுது. இப்ப பத்தாம் வகுப்பு திரிகோணமிதியைத் தூசி தட்டுங்க. கூட்டோட ஆரம் 4 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். இழையோட பாதி அகலம் ஒரு மில்லிமீட்டர். பச்சை தாண்டிப் போறது ஒன்றரை டிகிரிக்குள்ள. பாஸ்!

இப்ப சந்தையில விக்கிற எல்.இ.டி. பல்பைக் கையில எடுங்க. சோளக்கொண்டை மாதிரி ஒரு உருளை, சுத்தி சின்னச் சின்ன சில்லுகள். குறுக்களவு 2 சென்டிமீட்டர், அதாவது பாதி அகலம் 1 சென்டிமீட்டர். அதே கணக்கைப் போட்டா 14 டிகிரி வருது. ரெண்டு பக்கமும் சேர்த்து 28 டிகிரிக்கு சிவப்பும் பச்சையும் ஒண்ணா தெரியும். பக்கத்துல இருக்கிறவனுக்கு 'நேரா என் மேலயே வர்றான்'னு தோணும், நாம அவனை விட்டு விலகிப் போய்க்கிட்டிருப்போம். தூரத்துல இருக்கிறவனுக்கு இன்னும் மோசம். ஒரே புள்ளியில சிவப்பும் பச்சையும் கலந்தா மஞ்சளாத் தெரியும், டிவி திரை வேலை செய்ற அதே தத்துவம். வெளுத்த மஞ்சளா ஒரு புள்ளியைப் பார்த்தவன் அது ஏதோ படகோட பின் விளக்குன்னு நினைச்சுட்டா? அவன் முதுகுன்னு நினைக்கிறது நம்ம மூஞ்சி.

"ஆனா பாருங்க, எவ்ளோ பளிச்னு இருக்கு!" இது அடுத்த வாதம். எந்தப் பக்கம் பளிச்? பாக்கெட்ல போடுற லூமன் கணக்கு எல்லாத் திசையிலயும் போற மொத்த வெளிச்சம். விதி கேக்கிறது அடிவானத்துல எத்தனை கேண்டெலான்னு. ரெண்டு கடல் மைல் தெரியணும்னா 4.3 கேண்டெலா வேணும். அதுவும் பாய்மரப் படகு சாஞ்சுதான் போகும்கிறதால, மேலயும் கீழயும் 5 டிகிரி வரை அந்த அளவு குறையக் கூடாது, 25 டிகிரி வரை பாதியாவது இருக்கணும். கூட்டுல இருக்கிற வரிவரியான லென்ஸ், இழை எந்த உயரத்துல இருக்கோ அங்கதான் குவியும். சில்லுகள் அரை சென்டிமீட்டர் மேல உக்காந்தா வெளிச்சம் மீனுக்கு அடிக்கும், கீழ உக்காந்தா நட்சத்திரத்துக்கு.

அடுத்து நிறம். சாதாரணக் குளிர் வெள்ளை எல்.இ.டி.யில நீலம் தூக்கல், ஆழ்ந்த சிவப்பு கம்மி. சிவப்புக் கண்ணாடி வழியா போனா மிஞ்சுறது கொஞ்சம்தான். பச்சைக் கண்ணாடியோ, இழையோட மஞ்சள் வெளிச்சத்தை ஈடுகட்டத்தான் கொஞ்சம் நீலம் கலந்து செஞ்சிருப்பாங்க. அதுல குளிர் வெள்ளையை விட்டா நீலப்பச்சையா வரும். சூடான வெள்ளை வாங்கினா இந்தப் பிரச்சனை பெருமளவு குறையும். இதைக்கூட பாக்கெட்ல எழுதாம 'கடல் தரம்'னு மட்டும் கொட்டை எழுத்துல போடுறவங்களை என்ன சொல்ல?

இன்னொண்ணு இருக்கு. படிக்கிறப்பவே எனக்கு வயித்தைக் கலக்கினது இதுதான். 2018 ஆகஸ்டுல அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு எச்சரிக்கை விட்டாங்க. எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் கெடுக்குதுன்னு. மலிவு பல்புக்குள்ள இருக்கிற மின்சுற்று விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை சுவிட்ச் போட்டு அணைக்குது, அந்த இரைச்சல் ரேடியோ அலையாப் பரவுது. பாய்மர உச்சியில விளக்குக்கு ஒரு சாண் தள்ளி என்ன இருக்கும்? ஆன்டெனா! கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில ஓக்லண்டுக்கு வர்ற கன்டெய்னர் கப்பல் மூடுபனியில நம்மளைக் கூப்பிட்டாலும் காதுல விழாது. ஏ.ஐ.எஸ். திரையில அவன் வரவும் மாட்டான். விளக்கைப் போட்டதுனால ரெண்டு காதும் செவிடு.

சோதிக்கிற வழியையும் அவங்களே குடுத்திருக்காங்க. ரேடியோவை 13 மாதிரி ஒரு அமைதியான சேனல்ல வைங்க. ஸ்குவெல்ச்சைத் திருகி இரைச்சல் சரியா அடங்குற இடத்துல விடுங்க. இப்ப எல்.இ.டி.யைப் போடுங்க. கரகரன்னு வந்தா அந்தப் பல்பு உங்க ரேடியோவுக்கு எதிரி. ரெண்டு நிமிஷ வேலை. நான் போற படகுக்காரர் வாங்கி வச்சிருந்த பல்புல பண்ணிப் பார்த்தோம், தகரக் கூரையில மழை பெஞ்ச மாதிரி சத்தம். "வாங்கினவங்க எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காங்களே"ன்னு அவர் ரொம்ப நேரம் பாக்கெட்டையே பார்த்துக்கிட்டிருந்தார். நட்சத்திரம் குடுத்தவங்க எல்லாம் படகுக்குள்ள நின்னு மேல பார்த்தவங்க சார்!

அதுதாங்க விஷயமே. இந்த விளக்கு நமக்காக எரியறதில்லை. நம்ம படகுல நின்னா இதைச் சரியாப் பார்க்கவே முடியாது. 'இத்தனை வருஷம் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை'ங்கிறவரு, இத்தனை வருஷமா எதிர்ல வந்தவன் சுதாரிச்சு ஒதுங்கினான்னுதான் சொல்றாரு.

அப்ப என்னதான் பண்றது? காசு இருந்தா நிறத்துக்கு ஒரு எல்.இ.டி.யா வச்சு, கூட்டோட சேர்த்துச் சோதிச்சு வர்ற முழு விளக்கை வாங்குங்க. விலை சில நூறு டாலர் இழுக்கும். வலிக்குதுதான். உங்க கூட்டோட பேரைப் போட்டு, அதுக்குள்ள வச்சு அளந்த சான்றைக் காட்டுற பல்பு கிடைச்சா அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ரெண்டும் இல்லைன்னா பழைய 25 வாட்டே தெய்வம், ஒரு சோலார் பலகை சேர்த்துக்குங்க.

இல்லை, திணிச்சே தீருவேன்னா, உச்சிக்கு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி கூட்டைக் கீழ வச்சு எரிய விடுங்க. நேர் எதிரே 20 மீட்டர் தள்ளி நில்லுங்க. அங்கிருந்து பக்கவாட்டுல ஒரு மீட்டர் நகர்ந்தா 3 டிகிரி. ரெண்டு நிறத்துல ஒண்ணு அதுக்குள்ள காணாமப் போயிருக்கணும். அஞ்சு மீட்டர் நகர்ந்தும் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே சிரிச்சா, அந்தப் பல்பை கழிப்பறையில மாட்டுங்க.

டிஸ்கி: மோட்டார் போட்டு ஓட்டும்போதும் உச்சி மூவர்ண விளக்கை எரிய விடுற புண்ணியவான்கள் நிறைய பேர். இன்ஜின் போட்டா விதிப்படி அது மோட்டார் படகு, கீழ் விளக்குகளும் முன்பக்க வெள்ளையும்தான் போடணும். அப்ப ஆல்டர்னேட்டர் வேற பேட்டரியை ஏத்திக்கிட்டிருக்கும், மிச்சம் பிடிக்க அங்க ஒண்ணுமே இல்லை. இதுக்குத் தனிப் பதிவு வருது. அதுவரைக்கும் திட்டுறவங்க பின்னூட்டத்துல தாராளமா வாங்க, வரும்போது உங்க பல்போட குறுக்களவை அளந்துட்டு வாங்க :-)